முதுகில் கறை

மூன்று பத்துக்குக் கொழுந்தன் அச்சகத்துக்குள் ஓடிவந்தான். மரச்சாமான் நிறுவனமொன்றின் வடிவமைப்பாளர் வேலைக்கு நான்கு மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏழு வரைபடங்கள், ஒரே கோப்பு, மூன்று எம்.பி.க்குள். அவன் கொண்டுவந்ததோ ஏழு நாற்காலிகளும் ஏழு பக்கங்களாக அடங்கிய பதினான்கு எம்.பி. படக்கோப்பு. முதல் நாற்காலியின் முதுகில் காபிக்கறை வேறு.

“காபியை நாற்காலியில உக்காந்து குடிக்கணும் தம்பி. நாற்காலிக்கே ஊட்டக் கூடாது” என்றாள் அச்சகத்தை நடத்தும் அண்ணி.

மென்பொருள் கோப்பைத் திறக்குமுன் சிறு கட்டமொன்றைக் காட்டியது. ஏழு பக்கங்களும் குட்டிப் படங்களாக வரிசையில் நின்றன. முதலாவது மட்டும் தேர்வாகியிருந்தது. எவற்றைத் திறக்க வேண்டும் என்பது கேள்வி.

“கறை முதல் பக்கத்துலதானே? சரின்னு குடுங்க அண்ணி, நேரமாச்சு!”

ஒரு காற்புள்ளிக்காக ஆயிரம் பிரதிகளை மறுபடி அச்சடிக்க வைத்தவள் அவள். ஆயினும் கழுத்துக்குப் பின்னால் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதால் ‘சரி’யை அழுத்தினாள். கறையைத் துடைத்தாள். பழைய கோப்பின் மேலேயே சேமிக்கலாமா என்று கணினி கேட்டதற்குக் கொழுந்தனே முந்திக்கொண்டு ‘ஆம்’ என்றான்.

கோப்பு இரண்டு எம்.பி. ஆகியிருந்தது.

“அண்ணி, எடையும் குறைஞ்சிருச்சு! அந்தக் கறை அவ்வளவு கனமா?”

அண்ணி பதினான்கை ஏழால் வகுத்துப் பார்த்தாள்.

“மீதி ஆறு நாற்காலி எங்க தம்பி?”

மறுபடி திறந்தார்கள். இம்முறை கட்டம் வரவில்லை. ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு கேட்பதற்கு என்ன இருக்கிறது? வரைந்த தாள்கள் வீட்டில் இருந்தன; வீடு ஒரு மணி நேரப் பயணம்.

கொழுந்தன் முன்மேசைக்குப் பாய்ந்தான். அங்கே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான் அண்ணன்.

“அண்ணே! முந்தாநாள் உன் கணினியில போட்டுக் குடுத்தேனே, இருக்கா?”

“அதையா? பார்த்துட்டு… அழிச்சுட்டேனே.”

கொழுந்தன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நாற்காலி வரைபவன் தரையில் உட்கார்ந்திருப்பதைக் காண அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

“அழிக்கல. திறக்கவும் இல்லடா.”

“ஏழும் அருமைன்னு சொன்னீங்க?” என்றாள் அண்ணி.

“நம்ம தம்பி வரைஞ்சது அருமையா இல்லாம எப்படி இருக்கும்?”

அதை விசாரிக்க நேரமில்லை. அண்ணி பிரதியெடுத்தாள், கட்டம் வந்ததும் ஏழையும் தேர்ந்தாள், கறையைத் துடைத்தாள், படங்களைச் சுருக்கினாள், எல்லாப் பக்கங்களையும் சேர்த்து, புதிய பெயரில் சேமித்தாள். மூன்று ஐம்பத்தேழுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

“சோம்பேறியா இருந்தே என் பிழைப்பைக் காப்பாத்திட்ட அண்ணே!” என்றான் கொழுந்தன்.

“இப்பவாவது ஏழையும் கண்ணால பாருங்க” என்றாள் அண்ணி.

அண்ணனுக்கு உறுத்தியது. தன்னிடமிருந்த பழைய கோப்பை முதன்முறையாகத் திறந்தான். கட்டம் ஏதோ கேட்டது, ‘சரி’ என்றான். சிறிது நேரம் திரையை உற்றுப் பார்த்தான்.

“ஏழும் பிரமாதம்டா!” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான். “அதுலயும் முதுகுல பழுப்பா ஒரு வேலைப்பாடு பண்ணியிருக்க பாரு, அதுக்கே வேலை குடுக்கணும்!”