நாலு மணி நிறுவை

தேயிலை மலையில் தண்ணீர் ஓடும் கானுக்கு மேல் போட்டிருந்த பாலக்கட்டை உளுத்துப் போயிருந்தது. மாற்றச் சொல்லி மூன்று முறை கேட்டும் ஒருவரும் மாற்றவில்லை. காலை பத்து மணிக்கு அது கொழுந்து எடுக்கும் ஜீவராணியோடு முறிந்து விழுந்தது. அவளுடைய வலது மணிக்கட்டும் முறிந்தது.

லொறி கொழுந்து ஏற்றத்தான் வரும், ஆள் ஏற்ற வராது. மாலைவரை அவள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கிடந்தாள். நாலு மணி நிறுவையில் பரிமளமும் நாகலெட்சுமியும் மற்றவர்களும் தங்கள் கொழுந்தில் ஆளுக்கு இரண்டு கிலோ அளவு அள்ளி அவள் சாக்கில் போட்டார்கள். விழுந்தவளுக்கு அன்றைய பேர், அந்த நாள் சம்பளம், போய்விடக் கூடாது. மலையில் எப்போதும் செய்வதுதான். கணக்கப்பிள்ளை ஜெயகாந்தனே, "சீக்கிரம் போடுங்க" என்று சொல்லி நிறுத்து எழுதினான்.

இப்போது, ஹட்டன் தொழில் கந்தோரில் நட்டஈட்டு விசாரணை. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அந்த நிறுவைப் புத்தகத்தை விசாரணை அதிகாரி முன் விரித்து வைத்தார்.

"பத்து மணிக்குக் கை ஒடஞ்ச பொம்பள நாலு மணிக்குப் பதினெட்டுக் கிலோ நிறுத்திருக்கா ஐயா. ஒத்தக் கையாலயா எடுத்தா? ஆஸ்பத்திரித் துண்டுலயும் அஞ்சரை மணி. வேல முடிஞ்சு லயத்து வீட்டுக் குழாயடியில வழுக்கி விழுந்திருக்கா."

ஜீவராணி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பரிமளத்தைப் பார்த்தாள். பரிமளம் ஜெயகாந்தனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

உள்ளே வருமுன் கிளாக்கர் அவர்களிடம் சொல்லியிருந்தார்: "மத்தவ பேருல கொழுந்து போட்டது களவு. வாயத் தொறந்தா வேல நிக்கும்."  நல்லது செய்யப்போய், சிநேகிதியின் கழுத்தில் நாமே கத்தி வைத்துவிட்டோமே என்று பரிமளத்துக்கு மனசு எரிந்தது. அதைவிட எரிந்தது அந்தக் குழாயடிக் கதை.

"அந்தக் கொழுந்து எங்களோடதுங்க" என்று எழுந்தாள்.

"எங்களோடதுன்னா?" என்றார் அதிகாரி.

"நாங்க ஒம்போது பேரு அள்ளிப் போட்டோம். இவ மடுவத்துல வலியில கத்திக்கிட்டுக் கெடந்தா. லொறி அஞ்சு மணிக்குத்தான் வந்துச்சு. நிறுத்தது இந்தா நிக்கிற கணக்கப்பிள்ளைதான். கேளுங்க, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்காரு?"

"இத எழுத்துல குடுப்பீங்களா?"

"குடுக்கிறேங்க."

வாசலில் நின்ற நாகலெட்சுமியும் உள்ளே வந்துவிட்டாள். "என் பேரையும் போடுங்கய்யா. அதுல ரெண்டு கிலோ என்னுது."

அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு, "நீங்க நிறுக்கிறப்ப இந்தப் பொம்பள எங்க இருந்தா?" என்று ஜெயகாந்தனைக் கேட்டார்.

அவன் கிளாக்கரை ஒரு தடவை பார்த்தான். "மடுவத்துலதாங்க. கெடந்தா."

கிளாக்கர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "பரிமளம், நாளைக்குக் காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்க வராத. ஒனக்கு வேல கெடையாது."

"அதையும் எழுத்துல குடுங்க" என்று பரிமளம் கையை நீட்டினாள். "ஐயா முன்னாலயே குடுங்க."

 நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.