அல்சூருக்கு வந்த வேலூர் வெயில்

1909 மே மாதம், பெங்களூர் அல்சூர் ரெமிஜியஸ் வேலூர் வேலப்பாடியில் வாங்கிப் புதுப்பித்த வீட்டுக்குள் மட்டும் மூடுபனி இறங்கியது. வெளியே தெருநாய்கள் வெயில் தாங்காமல் சாக்கடையில் படுத்துக் கிடந்தன. உள்ளே கூடத்துச் சுவரில் கை வைத்தால் சில்லென்று ஈரம் ஒட்டியது. கதவைத் திறந்துவிட்ட காவல்காரன் இரண்டு தும்மல் போட்டுவிட்டு, ஓடு ஒன்றும் உடையவில்லை, உள்ளே பனி இருக்கிறது என்று ஒரே மூச்சில் தெரிவித்தான்.

ரெமிஜியஸ் இந்த வீட்டை லாபத்துக்காக வாங்கவில்லை. பின்னால் ஊரே வேறு மாதிரி பேசியதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பெங்களூர் கண்டோன்மெண்டில் பட்டாளத்துக் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஓடு மாற்றிக் கொடுக்கும் காண்டிராக்டர் அவர். மனைவி பெர்னதெத் வேலூர்க்காரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அல்சூர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மார்கழி பிறந்தால் மூச்சு இழுக்கும், மூட்டு வீங்கும், அடுப்படியை விட்டு நகரமாட்டாள். போன குளிர்காலத்தில் டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்னொரு மார்கழியை இங்கே கழித்தால் பிழைக்கமாட்டாள் என்றார். ரெமிஜியஸுக்கோ வெயில் ஆகாது. காட்பாடி ஸ்டேஷனில் கால் வைத்தாலே உடம்பெல்லாம் வேர்க்குரு போட்டுவிடும், பிழைப்பும் பெங்களூரில்தான். ஆகவே அவள் வேலூரிலும் அவர் அல்சூரிலும் இருப்பது என்று முடிவாயிற்று. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இருந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊராகப் பிரிவதை நினைத்து, அவர் சோற்றில் கை வைக்காமல் எழுந்துபோன நாட்கள் உண்டு.

வாங்கியது இடிந்து கிடந்த வீடு. வெளியூர்க் கொத்தனார்கள் மேல் ரெமிஜியஸுக்குக் காலணா நம்பிக்கை கிடையாது. தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவிட்டு, அந்தச் சாந்தைப் பீப்பாய்களில் அடைத்து ரயிலேற்றினார். நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் அவர் கொல்லையில் இழைத்தவை. காட்பாடி கூட்ஸ் ஆபீசில் சிரித்தார்கள். “வேலூர்ல சுண்ணாம்புக்கா பஞ்சம், காண்டிராக்டரே?” என்று குமாஸ்தா கேட்டார். “உங்க சுண்ணாம்பு உங்களோட இருக்கட்டும். இது என் சம்சாரம் இருக்கப்போற வீடு” என்றார் ரெமிஜியஸ். ஒரு வீட்டை அடியிலிருந்து நுனிவரை அல்சூரால் பூசினால் அது அல்சூராகவே ஆகிவிடும் என்று அதுவரை எந்தக் காண்டிராக்டரும் கேள்விப்பட்டதில்லை.

பெர்னதெத் டிரங்குப் பெட்டியோடு படியேறினாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “ஏங்க, இங்கயும் உங்க ஊரையே கொண்டாந்து வெச்சிட்டீங்களா?” என்று கேட்டு, பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்த ரயிலிலேயே இருவரும் அல்சூருக்குத் திரும்பினார்கள். அல்சூர் வீட்டைத் திறந்து சமையலறைக்குள் போனவள்தான் அங்கிருந்து கூப்பிட்டாள். அடுப்பு மூட்டாமலே உள்ளே அனல் வீசிக்கொண்டிருந்தது. வேலப்பாடி வீட்டிலிருந்து விரட்டப்பட்ட வெயில், போக்கிடம் இல்லாமல், இவர்களுக்கு முந்தியே வந்து சேர்ந்திருந்தது. பெர்னதெத் சால்வையைக் கழற்றினாள். கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாக வேர்த்தது.

அங்கே ஒரு வீடு வாங்கினால் இங்கே ஒரு அறை சூடாகும் என்பது ரெமிஜியஸுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கொசப்பேட்டையில் பாழடைந்த ஒரு வீட்டை வாங்கிப் பூசினார், படுக்கையறை சூடாயிற்று. சத்துவாச்சாரியில் இன்னொன்று, கூடமும் சூடாயிற்று. வேலூரில் அந்த வீடுகளுக்குக் குடிவரத் தாசில்தார்களும் தோல் மண்டி முதலாளிகளும் போட்டி போட்டார்கள். சித்திரை மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு காப்பி குடிப்பது அங்கே பெரிய கௌரவமாகிவிட்டது. அல்சூரில் பக்கத்து வீட்டு பாகீரதி ஒவ்வொரு மார்கழியிலும் வடகத் தட்டோடு வந்து நிற்பாள். “அக்கா, உங்க கூடத்துல காயப்போட்டுக்கட்டுமா? எங்க மாடியில வெயிலே இல்ல.” “தாராளமா போடு. ஜன்னலோரமா மட்டும் வேணாம், பெங்களூர் காத்து வரும்” என்பாள் பெர்னதெத். அவளுக்கு மூச்சிழுப்பு நின்றது. மாதா கோயிலுக்கு நடந்தே போய் வந்தாள். டாக்டர் தன் பங்குக்கு, மருந்து வேலை செய்ததாகச் சொல்லிக்கொண்டார்.

பாவம், ரெமிஜியஸ்தான் வீட்டுக்குள் இருக்க முடியாமல் போனார். சாப்பிட உட்கார்ந்தால் வேர்க்குரு, படுத்தால் வேனல் கட்டி. ஒருநாள் கூடத்திலேயே மயங்கி விழுந்தார். அதன்பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விட்டார். மனைவியை ஊரோடு வைத்துக்கொண்ட மனுஷன், வாசல் வழியாகத் தட்டு வாங்கிச் சாப்பிட்டார். பணத்தாசை பிடித்து வீடு வீடாக வாங்கியவனுக்குச் சொந்த வீட்டில் படுக்க இடமில்லை என்று தெருவில் கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் பெர்னதெத் உள்ளே தனியாகப் புரள்வது கேட்கும்போதெல்லாம் அவருக்கு மனசு ஆறவில்லை.

1921-இல் வேலப்பாடி வீட்டில் குடியிருந்த தோல் மண்டி ஞானசேகரன் பெங்களூர் வந்தார். மூன்று வீட்டையும் தனக்கே கொடுத்துவிடும்படியும், என்ன விலை சொன்னாலும் சரி என்றும் கேட்டார். அல்சூர்க்காரர் கையை விட்டுப் போனால் அவை மறுபடி வேலூர் வீடுகளாகிவிடும், வெயில் அதனதன் வீட்டுக்குத் திரும்பிவிடும் என்பது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். உள்ளேயிருந்து பெர்னதெத் குரல் கொடுத்தாள். “வித்துடுங்க. வெளிய கெடந்து எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க. நான் எப்படியோ இருந்துக்கறேன்.”

“எப்படியோன்னா எப்படி?” என்றார் ரெமிஜியஸ். அவர் ஞானசேகரனை அடுத்த வாரம் வரச்சொன்னார்.

அந்த வாரம் பட்டாளத்து வேலைகளையெல்லாம் ஒத்திப்போட்டுவிட்டுத் தன் ஆட்களைக் கூட்டிவந்தார். படுக்கையறையின் வெளிச்சுவரில், கட்டில் நுழையும் அகலத்துக்கு உடைக்கச் சொன்னார். மேலே கல் உத்தரம் வைத்து, வெளிப்பக்கம் ஓட்டுச் சாய்ப்பு இறக்கினார். இந்த வேலைக்கு மட்டும் எந்த ஊர்ச் சுண்ணாம்பையும் அவர் நம்பவில்லை. எந்த ஊரையும் சேராத சிமெண்ட் வாங்கிப் பூசினார். பிறகு தேக்கில் ஓர் அகலக் கட்டில் செய்து, பாதி அறைக்குள்ளும் பாதி சாய்ப்பின் கீழுமாகப் போட்டார். வெயில் சுவர்க்கோட்டோடு நின்றுகொண்டது, குளிரும் அப்படியே. பங்குச் சாமியார் வந்து இரண்டு பக்கமும் தீர்த்தம் தெளித்தார். சொன்னபடி திரும்பி வந்த ஞானசேகரன் கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஒரு காப்பி குடித்தார், விலைப் பேச்சே எடுக்காமல் ரயிலேறிப் போனார்.

இரண்டாம் யுத்தம் முடிகிறவரை ரெமிஜியஸும் பெர்னதெத்தும் அந்தக் கட்டிலில்தான் படுத்தார்கள். அவள் பக்கம் பனையோலை விசிறி, அவர் பக்கம் கம்பளி. அல்சூரில் யாரும் இதை அதிசயமாகச் சொல்வதில்லை. அந்தத் தெருப் பெண்கள் பெருமூச்சோடு பேசிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: அத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் போர்வைக்காக ஒருநாளும் சண்டை வந்ததில்லை.