மூன்று பூட்டும் ஒரு குழாயும்

கொடைக்கானல் போவதென்று பொன்னுராஜ் முடிவெடுத்ததற்கு வெயில் காரணமில்லை. ராஜபாளையத்து வெயிலில் பிறந்து, அதிலேயே தறி ஓட்டி, அதிலேயே தொந்தியும் வளர்த்தவர் அவர். ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது ஒரு மில் முதலாளி, "சம்மருக்கு எங்கே?" என்று சும்மா கேட்டு வைத்தார். இவர் வாயில் "கொடைக்கானல்" என்று வந்துவிட்டது. அப்புறம் அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. தொண்ணூற்று மூன்றாம் வருஷம், மே மாதம் முழுக்க.

கொடைக்கானலில் வீடு பிடிக்க அரைநாள்தான் ஆனது. ராஜபாளையத்து வீட்டை அடைக்க ஒரு வாரம் பிடித்தது. சத்திரப்பட்டி ரோட்டில் அவருக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் இருந்தன. அங்கிருந்து கழிவுத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. தூசி வரும் என்று ஜன்னல் இடுக்கில், பூரான் வரும் என்று கதவுக்கு அடியில், எலி வரும் என்று சலதாரையில், தேள் வரும் என்று குளியலறைத் துவாரத்தில், ஓட்டை என்று கண்ணில் பட்டதில் எல்லாம் பேண்டேஜைத் திணித்தார். பெரிய ஆபரேஷன் முடிந்த நோயாளி மாதிரி கிடந்தது வீடு.

அவர் மனைவி கிருபாபாய் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தாள். புளிப்பானை வாயில் துணியால் வேடு கட்டினாள். வற்றலை இன்னொரு வெயில் காட்டி டின்னில் அடைத்தாள். ஃப்ரிட்ஜைத் துடைத்து, வாடை அடிக்காமல் இருக்க கதவிடுக்கில் ஒரு கட்டையைச் செருகி வைத்தாள். பொன்னுராஜ் வந்து கட்டையை உருவி எறிந்துவிட்டு ஃப்ரிட்ஜைப் பூட்டினார்.

"தொறந்து போட்டுட்டுப் போனா திருடனுக்கு வசதியாப் போகாதா?"

"உள்ள ஒண்ணுமே இல்லைங்க."

"அது அவனுக்குத் தெரியுமா?"

திருடனைப் பற்றி அவருக்குத் தனியாக ஒரு ஆராய்ச்சியே இருந்தது. திருடன் பீரோவைத்தான் பார்ப்பான், குனிய மாட்டான். ஆகவே கலர் டிவி, டேப் ரெக்கார்டர், மிக்சி, கிருபாபாயின் தையல் மிஷின் தலை, பட்டுப்புடவைப் பெட்டி அத்தனையும் கட்டிலுக்கு அடியில் தரையோடு தரையாகப் போயின. காவலுக்கு நாய் வளர்க்கலாமே என்று எவனோ சொன்னதற்கு, "நாய்க்குச் சோறு வைக்க ஒரு ஆள், அந்த ஆளைக் காவல் காக்க இன்னொரு நாயா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டார்.

இதையெல்லாம் கிருபாபாய் பொறுத்துக்கொண்டாள். சாவி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தத் தெருவில் யார் ஊருக்குப் போனாலும் சாவி பக்கத்து வீட்டுக்குப் போகும். யாரும் ஏற்படுத்திய சட்டமில்லை, அப்படித்தான் நடந்து வந்தது. அடுத்த வீட்டு ரோசம்மாள், மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை பார்க்கிறவள், புருஷனை இழந்தவள். அவள் வேளாங்கண்ணிக்குப் போனால் சாவி சுவருக்கு இந்தப் பக்கம் வரும். கிருபாபாய் தாய் வீட்டுக்குப் போனால் சாவி அந்தப் பக்கம் போகும். தண்ணீர் வரும் நாளில் ரோசம்மாள்தான் உள்ளே வந்து குடங்களை நிரப்பி வைப்பாள். கிருபாபாய்க்குக் கர்ப்பம் கலைந்த வருஷம், ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது வீடு பெருக்கியிருந்தது, உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகை ரோசம்மாளுக்குத்தான் தெரியும்.

"சாவி யார் கையிலயும் கெடையாது," என்றார் பொன்னுராஜ்.

"ரோசக்கா யாரோவாங்க?"

"ஏட்டி, நான் அவளைச் சொல்லலை. அவ வீட்டுக்கு நாலு பேரு வருவான், போவான். எவன் எப்படின்னு யாருக்குத் தெரியும்?"

"அக்கா மனசு சங்கடப்படுமே."

"சங்கடத்தைப் பாத்தா டிவி இருக்குமா?"

கிளம்பும் அன்று காலை கடைசியாகக் குழாய்க்கு வந்தார். ராஜபாளையத்துக் குழாயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கோடையில் நகராட்சித் தண்ணீர் நினைத்தால் வரும், நினைத்த நேரத்துக்கு வரும். ஆகவே எந்த வீட்டிலும் குழாயை மூடுவதில்லை. திறந்து, அடியில் பித்தளைக் குடத்தை வைத்துவிட்டுப் படுப்பார்கள். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம்தான் அலாரம். குடம் தூக்காத ஆம்பிளைகள் பலருக்குக் குழாய் எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்பதே தெரியாது.

கிருபாபாய் குழாயை முந்தின நாளே இறுக்கி மூடியிருந்தாள். பொன்னுராஜ் குனிந்து பார்த்தார்.

"குழாயைத் தொறந்து போட்டுட்டா கெளம்புற?"

"நான் மூடிட்டேங்க. தொடாதீக."

"நீ மூடுன லட்சணம்!" என்று இடது பக்கமாக, நிற்கிற மட்டும் திருகினார். காய்ந்து கிடந்த குழாய் ஒரு வார்த்தை பேசவில்லை. "இப்பப் பாரு, ஒரு சொட்டு வருதா?"

"தண்ணியே இல்லாதப்ப எப்படிங்க வரும்? நீங்க தொறந்து..."

"கார் நிக்குது. வாதாடாத."

வாசலில் கண்ணை மூடி நெடுநேரம் ஜெபம் செய்தார். வீட்டைக் கர்த்தரின் காவலில் முழுமையாக ஒப்படைத்தார். ஆமென் சொல்லிவிட்டு மூன்றாவது பூட்டையும் போட்டார்.

ரோசம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள். சாவி வாங்கத்தான் வந்தாள். கிருபாபாய் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள், அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை. பொன்னுராஜ் காரில் ஏறிக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஸ்டேஷன்ல சொல்லி வச்சிருக்கேன். பூட்டைத் தொட்டவன் எவனா இருந்தாலும் உள்ளதான்."

ரோசம்மாளின் கை முந்தானையிலேயே நின்றுவிட்டது. "நல்லாப் போயிட்டு வாங்க அண்ணாச்சி," என்றாள். கிருபாபாய்க்கு உடம்பே கூசிப்போயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க இறங்கியவருக்கு, நடுப்பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. காரைத் திருப்பச் சொன்னார். மறுபடியும் தெரு வேடிக்கை பார்க்க, மூன்று பூட்டையும் தொங்கி இழுத்துப் பார்த்தார்.

"வந்தது வந்தோம், அந்தக் குழாயை மட்டும் ஒரு எட்டு..." என்று ஆரம்பித்தாள் கிருபாபாய்.

"மூணையும் தொறந்து மூடணுமா? வேற வேலை இல்லை உனக்கு."

கொடைக்கானலில் குளிர் அடித்தது. பொன்னுராஜ் குரங்குக் குல்லாயும் கம்பளியுமாக உட்கார்ந்து, ஏரிக்கரையில் அறிமுகமானவர்களுக்கெல்லாம் வீட்டை அடைத்த விதத்தை விளக்கினார். கிருபாபாய் அந்த வீட்டுக் குழாயைத் திறக்கும்போதெல்லாம், திருகின பக்கத்தைப் பார்த்து ராஜபாளையத்துக் குழாயை நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள்.

"தெருக்கோடிக் கடை சங்கிலிப்பாண்டிக்கு ஒரு போன் போடுங்க. பூட்டை உடைச்சாலும் பரவாயில்லை, ரோசக்கா உள்ள போயி மூடிரும்."

"பூட்டை உடைக்க நானே ஆள் அனுப்பணுமா?" என்று அவர் போட்ட சத்தத்தில் கம்பளி நழுவியது. "எல்லாம் அந்தச் சாவியைக் குடுக்கலையேங்கிற வயித்தெரிச்சல்!"

மாதக் கடைசியில் திரும்பினார்கள். மூன்று பூட்டும் அப்படியே இருந்தன. பொன்னுராஜ் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திறந்தார். கதவு அசையவில்லை. மரம் ஊதிப் பிடித்திருந்தது. தோள் கொடுத்து முட்டியதில் கதவோடு உள்ளே போய்ச் சகதியில் உட்கார்ந்தார்.

பேண்டேஜ் நன்றாகத்தான் வேலை செய்திருந்தது. பூரான் வரவில்லை, எலி வரவில்லை. வாசல் இடுக்கில் கசிந்ததும் வெயிலில் வற்றியதும் தவிர, தண்ணீர் வெளியே போகவில்லை. சுவர் நெடுகக் கணுக்கால் உயரத்துக்கு ஒரு கோடு ஓடியது. திருடன் குனியாத கட்டிலடியில் தண்ணீர் குனிந்து பார்த்திருந்தது. டிவியைத் தூக்கியபோது அது பின்பக்கமாகத் தண்ணீரைக் கொட்டியது. பட்டுப்புடவைகள் சாயம் கலந்து ஒரே நிறத்துக்கு வந்திருந்தன.

அந்த நேரம் பார்த்துக் குழாய் சீறியது. பிறகு கொட்டத் தொடங்கியது. பொன்னுராஜ் வழுக்கிக்கொண்டு ஓடிப் போய் முழுப் பலத்தோடு திருகினார், இடது பக்கமாகவே. கிருபாபாய் அவர் கையை விலக்கிவிட்டு வலது பக்கம் திருப்பி மூடினாள்.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "ஏலே, இத்தனை பேர் இருக்கீக, ஒருத்தனுக்கும் கண்ணு இல்லையா?" என்று கத்தினார் பொன்னுராஜ்.

"இருந்துச்சு அண்ணாச்சி," என்றாள் ரோசம்மாள். "படியில தண்ணி கசியவும் பூட்டை உடைச்சிருவோம்னு சங்கிலிப்பாண்டி கம்பியோட வந்தான். நான்தான் வேண்டாம்னேன். தொட்டவனை உள்ள தள்ளச் சொல்லியிருக்கீகள்ல."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது கிருபாபாய்க்கு. அவள் துடைப்பத்தை எடுத்தாள். எப்போதும் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிற ரோசம்மாள் இன்றைக்கு வரவில்லை. "செத்த நேரம் உக்காந்து காப்பி குடிச்சிட்டுச் செய்யி, கொண்டு வாரேன்," என்று சொல்லி, தம்ளரை வாசல்படிக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ரோசம்மாள் பையும் கையுமாகக் கிளம்பினாள். ஆலங்குளத்தில் தங்கச்சி வீட்டில் ஒரு விசேஷம், தங்கச்சி புருஷனுக்கு அங்கே சிமெண்ட் ஆலையில் வேலை. அவள் பூட்டுகிற சத்தம் கேட்டதுமே கிருபாபாய் அரைத்த கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு வந்தாள். கையை நீட்டவும் செய்துவிட்டாள்.

"போயிட்டு வாரேன் கிருபா," என்று சிரித்தாள் ரோசம்மாள். தெருவைக் கடந்து எதிர்வீட்டு அங்காளம்மாளிடம் சாவியைக் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வேகமாக நடந்து போய்விட்டாள்.

கிருபாபாய் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியது. உள்ளே ஈர டிவியை வெயிலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டிருந்த பொன்னுராஜ் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்தியா அவளை? பக்கத்து வீட்டுல நாம இருக்க, சாவியை எதிர்வீட்டுல குடுத்துட்டுப் போறா! நம்மளைப் பாத்தா என்ன களவாணிப் பயலுக மாதிரியா இருக்கு?"