சாடை ஜெபம்

அந்த வீட்டில் சண்டை என்றால் சத்தம் வராது. பாத்திரம் பறக்காது, கதவு அறையப்படாது. காலையில் காபி குடித்த கையோடு புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார்கள். சண்டை நடப்பது அங்கேதான். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. ஆமென் சொன்ன பிறகு அதைப் பற்றி வாயைத் திறக்கவும் கூடாது. ஆண்டவரிடம் சொன்னதற்கு மனுஷன் பதில் சொல்வதாவது! மகளுக்குச் சொல்வது போல மருமகளுக்குச் சொல்கிற பழைய வித்தைதான். மகளின் இடத்தில் கடவுளை உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அவர் மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்தவள். இருவரும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த காலத்தில் அவர்கள் சபை, மூத்த மிஷனரிகள் என்று பெயர் கொடுத்து, இரண்டு வருஷத்துக்கு இந்த வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தது. பிழைக்க வந்த நம் ஜனங்கள் இங்கே நிறைய. வெல்டிங் பட்டறையில், கேன்டீனில், பிறர் வீட்டுச் சமையலறையில் என்று எங்கெங்கோ கிடப்பவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதும், ஞாயிற்றுக்கிழமை ஒரு டயர் கடையின் மாடியில் அவர்களைக் கூட்டி ஆராதனை நடத்துவதும்தான் வேலை. அவரை எல்லோரும் ஐயா என்றார்கள். அவளுக்கு சிஸ்டரம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருஷம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. சிஸ்டரம்மா மனதால் எப்போதோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள். இங்கே மிச்சம் இருந்தது முழங்கால் வலி மட்டும்தான்.

திங்கட்கிழமை அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஐயாவுக்குப் போன் வந்தது. சபைத் தலைமை அலுவலகத்துச் செயலாளர். அவர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. ஐயா சொன்னது நன்றாகக் கேட்டது.

"அடடா, அடுத்து வர இருந்த தம்பிக்கு இதய ஆபரேஷனா? அப்ப அவங்க இங்க வர முடியாதே... இன்னும் ரெண்டு வருஷமா? ஆண்டவர் சித்தம் அதுன்னா எங்களுக்கு என்ன தடை இருக்கு?"

எங்களுக்கு! கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாருங்க போன்ல?"

"ஆபீஸ்ல இருந்து."

"என்னவாம்?"

"சும்மா. எப்படி இருக்கீங்கன்னு விசாரிச்சாங்க."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன் பொய் சொன்னால் காது சிவக்கும். இரண்டு காதும் சிவந்திருந்தன. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாளைக் காலை இருக்கவே இருக்கிறது.

மறுநாள் வழக்கம்போல அவர்தான் தொடங்கினார். ஜெபத்தில் அவருக்கு எப்போதும் பழைய காலத்துத் தமிழ்தான் வரும். "பிதாவே, உம்முடைய தோட்டத்தில் வேலை இன்னும் மிகுதியாயிருக்கிறது. பாதியில் கையை உதறிப்போகிற மனதை எங்களுக்குத் தராதேயும். முறுமுறுக்கிற ஆவியை இந்த வீட்டை விட்டு அகற்றும்."

முறுமுறுப்பா? இருக்கட்டும். அடுத்த முறை அவளுடையது.

"ஆண்டவரே, சும்மா விசாரிக்கிறதுக்காகவே போன் பண்ற ஆபீசுக்காக ஸ்தோத்திரம். கூட இருக்கிறவளை ஒரு வார்த்தை கேக்காம 'எங்களுக்கு'ன்னு சொல்ற வாய்க்காகவும் ஸ்தோத்திரம். கேட்டா வாய் முத்து உதிர்ந்திடுமா, அதை மட்டும் எனக்கு வெளிப்படுத்தும். ஆமென்."

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அவளும் ஒரு கண்ணை லேசாகத் திறந்துதான் வைத்திருந்தாள்.

அப்புறம் இருவரும் ஒரே குடையில் பஸ்ஸுக்குப் போனார்கள். தொழிலாளர் விடுதியில் லிப்ட் வழக்கம்போல ஓடவில்லை. படியேறிப் போனால் ஓர் அறையில் அடுக்குக் கட்டில்கள். கட்டில் கம்பியெல்லாம் ஈரத் துணி. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்புவது பாவம், எழுப்பாமல் திரும்பினால் ஏறி வந்த முழங்காலுக்குப் பாவம். கடைசியில் தூங்குகிறவர்களுக்காகவே மெதுவாக ஜெபம் பண்ணிவிட்டு இறங்கினார்கள். ஊழியம் என்றால் ஏதோ மலை உச்சியில் தீபம் ஏற்றுவது என்று ஊரில் நினைக்கிறார்கள். பாதி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பது, மீதி நேரம் யாராவது கண் விழிக்கக் காத்திருப்பது, இதுதான் ஊழியம்.

புதன்கிழமை ஜெபத்தில் அவர் தியாகத்தைப் பற்றிப் பேசினார். அவள் முழங்காலைப் பற்றிப் பேசினாள். வியாழக்கிழமை அவர் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசினார். அவள், வீட்டுத் தலைவன் என்கிற நினைப்பு சிலருக்குத் தலைக்கேறியிருப்பதைப் பற்றிப் பேசினாள். ஆண்டவர் இருவர் பக்கமும் சேராமல், நல்ல சம்பந்தி போல, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று ஆஸ்பத்திரியில் கை வெந்து கிடந்த வெல்டர் ஒருவனைப் பார்க்கப் போனார்கள். அவன் வீட்டில் யாருக்கும் விஷயம் தெரியாது. வீடியோவில் பேசும்போது கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொள்வானாம். "நீங்களும் எங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டரம்மா" என்றான். நர்ஸாக இருந்த காலத்தில் எத்தனையோ வெந்த கையைக் கட்டியிருக்கிறாள். இந்தக் கைக்கு அவள் செய்ய முடிந்ததெல்லாம் தலையாட்டுவதுதான்.

சாயங்காலம் வந்து அக்காவுக்குப் போன் போட்டாள். அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவள் அந்த அக்கா. நர்சிங் படிக்க அனுப்பியவளும் அவள்தான். இப்போது அக்காவுக்கு ஞாபகம் தேய்ந்துகொண்டே வருகிறது. சாப்பிட்டதை மறந்துவிடுவாள், பேரன் பெயரை மறந்துவிடுவாள். ஆனாலும் போனை எடுத்ததும் "எப்ப வர்றே?" என்று கேட்க மட்டும் மறந்ததில்லை. ஒரே பேச்சில் பத்துத் தடவை கேட்பாள். கேட்டுக் கேட்டு சிஸ்டரம்மாவுக்கே சலித்துப்போன கேள்வி அது.

அன்று அக்கா அதைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையோடு, "யாருங்க பேசறது?" என்றாள்.

"நான்தாங்க்கா. உன் தங்கச்சி."

"அவ வெளியூர்ல இல்ல இருக்கா? வந்ததும் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் ஜெபத்தில் குத்தல் எதுவும் இல்லை. "ஆமென்" என்று மட்டும் சொன்னாள். ஐயா, அவள் மனம் இறங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மத்தியானம் சாதத்தை இரண்டாம் முறை போட்டுக்கொண்டு ரசம் பிரமாதம் என்றார். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

சனிக்கிழமை ஆராதனைக் கூடத்தைப் பெருக்கப் போனார்கள். உதவிக்கு வருகிறேன் என்றவர்களுக்கெல்லாம் ஓவர்டைம் வந்துவிட்டது. அவள் டயர் வாடை அடிக்கும் ஜன்னல்களைத் துடைத்தாள். கீழே கடைக்காரன் "ஐயா, லைட்டு விட்டு விட்டு எரியுது, கொஞ்சம் பாருங்களேன்" என்று கூப்பிட்டதுதான் தாமதம், இவர் ஸ்க்ரூ டிரைவரோடு துள்ளிக்கொண்டு ஓடினார். ஏணி மேல் நின்று, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கடைக்காரனைத் திட்டிக்கொண்டே ஒயரை மாட்டினார். முகத்தில் அப்படி ஒரு களை. இந்த மனுஷன் எங்கே ஊருக்கு வரப் போகிறார் என்று நினைத்தபடி துணியைப் பிழிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஆயிற்று, பிரசங்கம் ஆயிற்று. வழக்கமாக முடிவு ஜெபம் பண்ணுகிற கீபோர்டு தம்பிக்கு அன்று ஷிப்ட். "இப்ப சிஸ்டரம்மா முடிவு ஜெபம் பண்ணுவாங்க" என்றார் ஐயா.

எழுந்து, முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வெல்டருக்காக ஜெபித்தாள். வேலைக்குப் போனவர்களுக்காக ஜெபித்தாள். ஒரு வாரக் களைப்பு, மூடிய கண்ணுக்குள் இருட்டு. அந்த இருட்டில் கூடம் எது, வீடு எது என்று தெரியவில்லை. எதிரே நாற்காலியில் அவர் மட்டும் இருக்கிறார் என்ற பழக்கத்தில் நாக்கு தானாக ஓடியது.

"ஆண்டவரே, எனக்குக் களைச்சுப் போச்சு. எங்க அக்கா என்னை மறந்துகிட்டு வர்றா. முழுசா மறக்கிறதுக்குள்ள நான் போய் அவ முன்னாடி உக்காரணும். இவர் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒத்துக்கிட்டார். என்னைக் கேக்கலை. இது உம்ம சித்தம்னு சொல்றாங்க. நீரும் என்னைக் கேக்கலையே."

எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. ஆமென் என்று எப்படியோ முடித்துவிட்டுக் கண்ணைத் திறக்கப் பயந்து நின்றாள்.

யாரும் பதிலுக்கு ஆமென் சொல்லவில்லை. பிறகு பின் வரிசையில் கேன்டீன் சமையல்காரி விசும்பிக்கொண்டே "ஆமென்" என்றாள். அவளைத் தொடர்ந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆள் ஒருவரை நினைத்துத்தான் சொன்னார்கள் என்பது அந்தக் குரல்களிலேயே தெரிந்தது. முன்னால் நின்ற ஐயாவின் உதடு மட்டும் அசையவில்லை.

டீ குடிக்கும்போது சமையல்காரி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போங்கம்மா. எங்களாலதான் நெனச்சப்ப போக முடியாது. போக முடிஞ்சவங்களாவது போங்களேன்."

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நாலு பேர் மத்தியில் மானத்தை வாங்கிவிட்டாய் என்று வீட்டுக்குப் போய்க் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை. கத்தவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். காலை ஜெபமும் இல்லை, ராத்திரி ஜெபமும் இல்லை, நட்ட நடு மத்தியானத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

"பிதாவே, உம்முடைய அடியானாகிய நான்..." என்று தொடங்கியவருக்கு அந்தப் பழைய தமிழ் மேலே ஓடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அங்க போய் நான் என்ன பண்ணுவேன்? பையன் வீட்ல டிவி முன்னாடி ஒரு நாற்காலி போடுவான். வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பான். நல்ல பையன்தான், குறை சொல்லலை. ஆனா அங்க என்னை யார் கூப்பிடப் போறாங்க? இங்க ஒரு பல்பு போனாலும் ஐயான்னு கூப்பிடறாங்க. உம்ம ஊழியம், உம்ம சித்தம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. பயமா இருக்கு ஆண்டவரே."

ஆமென் சொல்லாமல் நிறுத்திவிட்டார். அடுத்து அவள் முறை. அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனைப் பற்றிய செய்திகள் அவளுக்கு இந்த வழியாகத்தான் வந்திருக்கின்றன. வேலையில் உயர்வு கைநழுவிப் போனது, அவளுடைய ஆபரேஷன் அன்று அவர் நடுங்கியது, எல்லாமே கண்ணை மூடி இன்னொருவரிடம் அவர் சொல்ல, அவள் பக்கத்திலிருந்து தெரிந்துகொண்டதுதான். அவளும்தான் என்ன, அவரிடம் நேராகவா சொன்னாள்? அக்கா போனில் கேட்டதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அவளுக்கு அவர் மேல் வந்த கோபம் பாதி தன் மேலேயே திரும்பியது.

"என்னங்க, கண்ணைத் திறங்க."

"இன்னும் ஆமென் சொல்லலை."

"அவர் கோவிச்சுக்க மாட்டார். பயமா இருந்தா என்கிட்ட சொல்லுங்களேன். அவர்கிட்ட சொல்லி, நான் ஒட்டுக் கேக்கணுமா?"

அவர் கண்ணைத் திறந்தார். சிவந்திருந்தது. திறந்த கண்ணோடு எப்படிப் பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஷூவின் கயிற்றைப் பார்த்தார்.

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான். வியாழக்கிழமை அக்கா என்னை யாருங்கன்னு கேட்டுட்டா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க ரெண்டு வருஷத்தைச் சொன்னீங்களா?"

அவர் போனை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டார். எங்களால் இருக்க முடியாது, மாதக் கடைசியில் கிளம்புகிறோம், அவசரப்பட்டு வாக்குக் கொடுத்தது என் தப்பு என்று, ஒரு வசனமும் கலக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சு ஓடியது. ஐயா போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் ஒரு மூணு மாசம் கேக்கறார். இருக்கலாமா? நீ என்ன சொல்றே?"

அவர் கேட்டுவிட்டார். கேட்டதற்காகவே சரி என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. அவளுக்கு மனசு அப்படி இளகிப்போயிற்று. மூன்று மாதம்தானே? சமையல்காரி இருக்கிறாள், அந்த வெல்டருக்குக் கட்டுப் பிரிக்க வேண்டும். மூன்று மாதத்தில் அக்கா எவ்வளவு தூரம் போயிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள்.

"முடியாதுங்க" என்றாள்.

அவர் கையை எடுத்துவிட்டு, போனில், "முடியாதுங்க" என்றார்.