மரச்சீனியில் வைத்த செய்வினை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. பூதப்பாண்டியில் பெண்ணெடுத்த புதிதில் மாமனார் வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். கூட வந்த என் வீட்டுக்காரி சட்டென்று என் கையைப் பிடித்து மறுபக்கம் இழுத்தாள்.

"அந்த வீட்டுப் படியில காலு படாம வாங்க. சிங்கப்பூர்க்காரி செய்வினை வச்ச வீடாக்கும்."

"எதுல வச்சா?"

"மரச்சீனில."

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். ஐயா, முட்டையில் வைப்பார்கள், செப்புத் தகட்டில் வைப்பார்கள், எலுமிச்சம்பழத்தில் ஆணி அடித்து வைப்பார்கள். நாம் மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்து தின்கிற மரவள்ளிக் கிழங்கில் எவளாவது வைப்பாளா? அவித்த மரச்சீனி மறுநாளே ஊசிப்போகும். செய்வினை பலிப்பதற்குள் பூஞ்சை பூத்துவிடும்.

சிரித்தது என்னவோ உண்மை. அன்றைக்குப் பிடித்த அரிப்பு இன்றுவரை விடவில்லை என்பதும் உண்மை.

விசாரித்ததில் தேறியது இவ்வளவுதான். சுதந்திரம் வந்து மறு வருஷம், முத்துக்கனி என்று ஒருத்தி சிங்கப்பூரிலிருந்து மகளோடு வந்து புருஷனின் அக்காள் வீட்டில் தங்கினாள். அந்த வீட்டில், துணியில் முடிந்த மரச்சீனித் துண்டுகள் மூலைக்கு மூலை அகப்பட்டன. தெரு கூடிப் பெரிய பெகளம் ஆனது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், வருத்தமில்லை.

2

தொடக்கம் ஒன்று:

சிங்கப்பூர் மாநகரத்தின் அகன்ற வீதிகளில் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை—

வேண்டாம், எனக்கே கூசுகிறது. நான் சிங்கப்பூரைக் கண்டேனா? நான் கண்ட கப்பலெல்லாம் முட்டத்துப் பாறையில் நின்று பார்த்தபோது தூரத்தில் தெரிந்த கொஞ்சம் புகைதான்.

தொடக்கம் இரண்டு:

முத்துக்கனி நல்லவள். (சரி, அப்படியானால் கதை எதற்கு?)

தொடக்கம் மூன்று:

"அக்கா கேட்டா பிள்ளைய அங்கயே விட்டுட்டு வா," என்றான் பொன்னுலிங்கம், கப்பல் ஏற்றிவிட வந்த இடத்தில்.

இது இருக்கட்டும். இதில் ஆள் இருக்கிறது.

பொன்னுலிங்கம், முத்துக்கனியின் புருஷன். கெட்டவன் இல்லை. துறைமுகக் கிட்டங்கியில் சரக்கு எடை எழுதுகிற உத்தியோகம். சின்ன வயதிலேயே தாயைத் தின்றவன். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்காள் சண்முகவடிவு. அவளுக்குப் பிள்ளை இல்லை. இவனுக்கோ ஒரே மகள், பகவதி, ஆறு வயது. அக்காள் கேட்டால் இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு வராது.

"ஊர்ல வளந்தா நம்ம பிள்ளையா வளரும். இங்க என்ன இருக்கு?" என்றான்.

முத்துக்கனி தலையை ஆட்டினாள். அது சம்மதமா, கப்பல் சங்கு ஊதியதில் திடுக்கிட்டு ஆடியதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறவனுக்கே தெரியவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

3

இங்கே என்ன இருக்கு என்று கேட்டான் அல்லவா, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்விப்பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

செராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு கடையின் மாடி. பலகை அடித்து மறித்த அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்குமாகக் கீழே ஒரே குழாய். விடிந்ததும் முத்துக்கனி ஒரு கையில் வாளியும் ஒரு கையில் பகவதியுமாகப் படி இறங்குவாள். வாளியை வரிசையில் போட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பல் தேய்த்து விடுவாள். பிள்ளை வாய் நிறையப் பற்பொடியோடு, அடுத்த அறைச் சீனத்தியின் மகனிடம் மலாயில் சண்டை போடும். அந்தச் சண்டையில் பாதி முத்துக்கனிக்குப் புரியாது. தன் வயிற்றில் பிறந்தது தனக்குத் தெரியாத பாஷையில் ஏசுகிறதே என்று பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

பிறகு கரியடுப்பை ஊதி, சோறு வடித்து, புருஷனைக் கிட்டங்கிக்கு அனுப்பி, பிள்ளைக்குச் சடை பின்னி, ஜன்னல் வழியாக ட்ராலி பஸ்ஸைக் காட்டி ஊட்ட வேண்டும். ஊரில் என்றால் ஊட்டுவதற்கு நாலு கை உண்டு. அங்கே தாய் ஒருத்தியே அத்தையும் சித்தியும். பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் சீனத்தி ஏதோ கறுப்புக் கஷாயம் கொண்டுவந்து நீட்டுவாள். முத்துக்கனி பெயர் கேட்காமல் வாங்கிப் புகட்டுவாள்.

(என் வீட்டுக்காரி இதைப் படித்துவிட்டு, "நான் செய்யுகதுதான் அவளும் செய்யுகா. இதுக்கா கப்பலேறிப் போனா?" என்றாள். நியாயமான கேள்வி.)

இதற்கெல்லாம் முன்னால் ஜப்பான்காரன் காலம் ஒன்று இருந்தது. அரிசியைக் கண்ணால் காண முடியாது. கிடைத்த மண்ணிலெல்லாம் மரச்சீனி நட்டுத் தின்றார்கள். முத்துக்கனி அவித்த கிழங்கில் ஒரு துண்டு ஒடித்து, பழைய சேலையில் கிழித்த துணியில் முடிந்து, பெட்டிக்குப் பின்னால், தலையணைக்குள், பலகை இடுக்கில் என்று ஒளித்து வைப்பாள். "ஒளிச்சு வைக்கணும் மக்கா. கண்டா எடுத்துருவாவ. நாளைக்குத் திங்கலாம்." நடக்கப் பழகிய கையோடு பிள்ளை அதையும் பழகியது. சண்டை முடிந்தது, அரிசி வந்தது, முத்துக்கனி மறந்துபோனாள். பிள்ளை மறக்கவில்லை.*

* என்று நான் வைத்துக்கொள்கிறேன். பின்னால் இதில் உதை வாங்கப்போகிறேன்.

4

சண்முகவடிவைப் பொல்லாதவள் என்று எழுதினால் என் வேலை சுலபம். எழுதிப் பார்த்தேன்.

சண்முகவடிவின் கண்களில் வஞ்சகம்—

வரவில்லை. வந்த அன்றே பகவதியை வாரி எடுத்து, "பிள்ள எலும்பும் தோலுமால்லா இருக்கு," என்று அழுதவள் அவள். தலைக்கு எண்ணெய் வைத்து, வெந்நீர் ஊற்றி, பாவாடை தைத்து, தன் கையால் ஊட்டி, பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொண்டாள். நெல்லையெல்லாம் சர்க்காருக்கு அளந்துவிட்டு வயல்காரன் வீட்டிலும் சாயங்காலம் மரச்சீனி அவித்த வருஷம் அது. அந்த மரச்சீனியிலும் மாவாக வெந்த நடுத்துண்டு பகவதிக்குத்தான்.

ஒரு நாள் பிள்ளைக்குச் சடை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"முத்து, நீ சின்ன வயசுக்காரி, ஒனக்கு இன்னும் பிறக்கும். இவ இங்கண நிக்கட்டும். தம்பி ஒண்ணும் சொல்லி விடல்லியா?"

"சொன்னாவ மைனி."

"பின்ன?"

பிள்ளை இல்லாத அந்த மாடி அறைக்கு, வாளி மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கும் அந்தப் படிக்கு, முத்துக்கனியால் திரும்பிப் போக முடியாது. பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்பதெல்லாம் ஊருக்குச் சொல்கிற நியாயம். அவளுக்குப் பிள்ளை வேண்டும், அவ்வளவுதான்.

கப்பலுக்கு நாள் நெருங்கியபோது, மிச்சம் கிடந்த நெல்லை அவிக்க எடுப்பதற்காகச் சண்முகவடிவு பத்தாயத்தைத் திறந்தாள். உள்ளே ஒரு துணி முடிச்சு கிடந்தது. பிரித்தால் கறுத்துப் பூஞ்சை பிடித்த மரச்சீனி. அம்மிக்குப் பின்னால் இன்னொன்று. கூரைக் கழிக்கோல் இடுக்கில் ஒன்று. அவள் படுக்கிற தலையணைக்குள்ளேயே ஒன்று. எல்லாம் முத்துக்கனியின் பழைய சேலையில் கிழித்த துணி.

"அதான் என் வயிறு தொறக்கல்ல," என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கல்யாணம் எப்போது, முத்துக்கனி இந்த வீட்டில் கால் வைத்தது எப்போது என்று நீங்கள் கணக்குக் கேட்பீர்கள். கேளுங்கள். காலமெல்லாம் காரணம் தெரியாமல் அழுதவளுக்கு ஒரு காரணம் கையில் கிடைத்தால் அவள் பஞ்சாங்கமா பார்ப்பாள்? குழித்துறைப் பக்கம் ஒரு மந்திரவாதியிடம் ஓடினாள். "கடல் தாண்டி வந்த கை," என்றானாம் அவன். இவள் அழுது சொன்னதைத்தான் அவன் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்லியிருப்பான்.

5

மறுநாள் மத்தியானம் சண்முகவடிவின் புருஷன் நாராயணபெருமாள் முடிச்சுகளையெல்லாம் ஒரு சுளகில் பரப்பி முற்றத்தில் வைத்தார். நிதானமான மனுஷன். வாசலுக்கு வெளியே தெரு கூடிவிட்டது.

"முத்துக்கனி, இது யாரு வேல? உள்ளதச் சொல்லு, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

முத்துக்கனிக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அந்த முடிச்சு அவள் சொல்லிக்கொடுத்த முடிச்சு. பகவதி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும்? பிள்ளைதான் வச்சா அண்ணாச்சி, பட்டினி கிடந்த காலத்துப் பழக்கம். சொல்லலாம். பச்சைப் பிள்ளையை இந்தக் கோலத்துக்குப் பட்டினி போட்ட ஊருக்கா மறுபடியும் கூட்டிக்கொண்டு போகிறாய் என்பார்கள். பிள்ளை இங்கேயே நின்றுவிடும்.

நான்தான் வச்சேன் என்று சொன்னால்? செய்வினைக்காரி பெற்ற பிள்ளையை எவளும் வீட்டில் வைத்து வளர்க்க மாட்டாள். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரையும் வெளியே தள்ளுவார்கள். பிள்ளை அவளுக்குக் கிடைக்கும். அதன் பிறகு இந்த ஊரில் அவள் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள். பொன்னுலிங்கத்துக்கு வளர்த்த அக்காள் இல்லாமல் போவாள்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். சொன்னவன் தன் வாய்க்குப் போக வேண்டிய துண்டைப் பிள்ளைக்கு முடிந்து வைத்தவனாக இருக்க மாட்டான்.

இந்த இடத்தில் நான் நெடுநாள் நின்றேன். எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், வெற்றிலை போட்டேன். முற்றத்தில் மூன்று பேரையும் ஒரு பிள்ளையையும் வெயிலில் நிற்க வைத்துவிட்டு நான் நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்ததும் துப்பிவிட்டு வந்தேன்.

6

முடிவு அ: முத்துக்கனி உள்ளதைச் சொல்கிறாள். சண்முகவடிவு ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறாள். பிள்ளை அத்தையிடம் வளர்கிறது. தெரு மெச்சுகிறது.

"பெத்தவ சமுத்திரத்துல விழுந்து சாவட்டும், அப்பிடித்தான?" என்றாள் என் வீட்டுக்காரி. அந்த முடிவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: "நான்தான் வச்சேன். என் பிள்ளையத் தாங்க, போறேன்," என்கிறாள் முத்துக்கனி. தெரு காறித் துப்புகிறது. தாயும் மகளும் பஸ் ஏறுகிறார்கள்.

இதுதான் எனக்குப் பிடித்தது. ஊரில் உலவுகிற பேச்சுக்கும் பொருத்தம். வீராப்பாக எழுதிக்கொண்டே வந்தேன். பகவதி என்ற பெயர் வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவள் அங்கேயே நிற்கிறாளே. முடிச்சுப் போட்டது யார் என்று தெரிந்த ஆள் அவள். தன்னால் தாய் துப்பல் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பிள்ளை பஸ் ஏற வேண்டுமா?

அப்போதுதான் கதையில் ஓட்டை தெரிந்தது, அதுவும் நானே போட்ட ஓட்டை. பழைய பசிப் பயத்தில் ஒளித்தாள் என்று எழுதினேன். அப்படியானால் சண்டை முடிந்த பிறகு சிங்கப்பூரில் ஏன் ஒளிக்கவில்லை? வயிறு நிறையத் தின்கிற வீட்டில், அத்தை ஊட்டி ஊட்டி வளர்க்கிற வீட்டில், இப்போது ஏன் ஒளிக்கிறாள்?

எல்லோருக்காகவும் நான் பேசியிருக்கிறேன். பொன்னுலிங்கத்துக்கு, மந்திரவாதிக்கு, என் வீட்டுக்காரிக்குக்கூட. அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வயது ஆளை யார் கேட்கிறார்கள்?

7

ஆகவே முத்துக்கனி என் இரண்டு முடிவுகளையும் தள்ளிவிட்டு முற்றத்தில் குத்த வைத்து உட்கார்ந்தாள். பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏன் மக்கா வச்ச?"

பகவதி சுளகையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு."

"எனக்கா?"

"நீ தனியா கப்பல்ல போவேன்னு அத்த சொன்னா. கப்பல்ல ஒனக்குப் பசிக்கும். நான் இங்க நின்னா ஒனக்கு யாரு எடுத்து வைப்பா?"

பிள்ளை சுளகைக் காட்டிக் கோபத்தோடு சொன்னாள்:

"எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டாவ. இனி நான் மொதல்லேருந்து வைக்கணும்."

முத்துக்கனி பிள்ளையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சண்முகவடிவு சுளகிலிருந்து ஒரு முடிச்சைக் கையில் எடுத்தாள். பிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. சின்னக் கைதான் போட்டது, ஆனாலும் இறுக்கிப் போட்டிருந்தது. பிறகு இரண்டு பெண்களில் ஒருத்தி பேசினாள். யார், என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்றவர்கள் அதற்குள் செய்வினைச் செய்தியைச் சுமந்துகொண்டு கலைந்துவிட்டதால் அவர்களுக்கும் தெரியாது.

திரும்பவும் ஊரில் போய் விசாரித்தேன். முத்துக்கனி பிள்ளையோடு நாகர்கோவில் பஸ் ஏறியதைக் கண்ணால் கண்டதாகச் சிலர் அம்மன் மேல் சத்தியம் செய்கிறார்கள். தனியாகத்தான் ஏறினாள் என்று வேறு சிலர், அதே அம்மன் மேல் அதே சத்தியத்தைச் செய்கிறார்கள். சண்முகவடிவு பஸ் வரைக்கும் வந்தாள் என்பதிலும், அன்று காலை அந்த வீட்டில் மரச்சீனி அவித்து வாழையிலையில் ஒரு பொதி கட்டினார்கள் என்பதிலும் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை.

இரண்டு பேர் ஏறினார்கள் என்று நீங்கள் முடித்தால், சண்முகவடிவு வீடு திரும்பிய வழியை நீங்கள் எழுத வேண்டும். ஒருத்திதான் ஏறினாள் என்று முடித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நடுக்கடலில் அவள் ஊசிப்போன அந்தப் பொதியைப் பிரித்து எப்படித் தின்றாள் என்பதையும் நீங்களே எழுதித் தாருங்கள். என்னால் முடியாது.