விஜயநகரம் நடத்தாத வருஷம்

1944 ஜனவரி 17, திங்கட்கிழமை. மயிலாப்பூரில் உள்ள ஒரு தனியார் கல்லூரி, பொங்கல் விடுமுறை முடிந்து திறந்தது. பி.ஏ. தேர்வு மார்ச் மாதக் கடைசியில்.

வரலாற்றுப் பேராசிரியர் ராஜநாயகம் முதல் மணி வகுப்பில் அவுரங்கசீப்பின் தக்காணப் போர்களை முடித்துவிட்டு வெளியே வந்தார். நூர் முஹம்மது என்ற மாணவன் தாழ்வாரத்தில் பின்னாலேயே வந்தான்.

"சார், ஒரு சந்தேகம். என் சாச்சா பையன் வேற காலேஜ்ல இதே பி.ஏ. படிக்கிறான். லீவுல வீட்டுக்கு வந்திருந்தான். அவங்களுக்கு இந்த வருஷம் மொகலாயர் கிடையாதாம். விஜயநகரமாம்."

"அவங்க எடுத்துக்கிட்ட பகுதி அதுவா இருக்கும்."

"எடுத்துக்கிட்டது இல்லையாம் சார். யூனிவர்சிட்டியே மாத்திட்டுதாம். எல்லாருக்கும்."

ராஜநாயகம் அவனை வகுப்புக்குப் போகச் சொன்னார். பிறகு கணிதத் துறைக்குப் போனார்.

அந்தக் கல்லூரியில் பாடத்திட்டச் செய்திகள் வந்துசேரும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். யுத்தத்தால் காகிதத்துக்குக் கட்டுப்பாடு. சுற்றறிக்கைகள் நின்றுவிட்டன. கணிதப் பேராசிரியர் கல்யாணராமன் பல்கலைக்கழகத்துக் கல்விக் குழுவில் உறுப்பினர். அங்கே முடிவாவதை அவர்தான் ஒவ்வொரு துறைக்கும் வாயால் சொல்லிவிடுவார். ஆசிரியர் அறையில் வெற்றிலை போடும்போது சொல்வார், டென்னிஸ் மைதானத்து ஓரத்தில் சொல்வார். ராஜநாயகத்திடம் சொல்ல வேண்டியதைச் சாந்தோம் கடற்கரையில் சொல்வார். இருவரும் பல வருஷங்களாக மாலையில் அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சில் சதுரங்கம் ஆடி வந்தார்கள்.

ஆட்டத்தின் தொடக்கத்தில் பேச்சு நிறைய இருக்கும். "ஓய், உம்ம பிஷப்பை உம்ம சர்ச்சிலேயே நிறுத்திக்கும். இங்கே எதுக்கு அனுப்பறீர்?" என்பார் கல்யாணராமன். "குடுமி கலையப் போகுதுன்னு பயமா?" என்பார் ராஜநாயகம். அரிசி ரேஷன், விடைத்தாள் திருத்தும் கூலி, பிரின்ஸ்பாலின் கோபம், கிண்டியில் எந்தக் குதிரை ஓடியது, எல்லாம் வரும். இருட்டடிப்பு உத்தரவு வந்த பிறகு கடற்கரை விளக்குகளுக்குக் கறுப்புச் சாயம் பூசிவிட்டார்கள். வெளிச்சம் போவதற்குள் ஆட்டத்தை முடிக்க வேண்டும். அதனால் கடைசிப் பகுதியில் ராஜநாயகம் பலகையைத் தவிர எதையும் பார்ப்பதில்லை.

கல்யாணராமன் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையில் துணியோடு திரும்பினார்.

"நான்தான் சொன்னேனே ஓய். ஜூலையிலேயே."

"எங்கே?"

"பீச்சுல. மழை வரும் போல இருந்ததே, அன்னிக்கு. விஜயநகரம் வந்துடுத்து, உமக்குப் புதுசா படிக்கிற வேலைன்னேன். நீர் தலையை ஆட்டினீர்."

ராஜநாயகத்துக்கு அந்த மாலை நினைவிருந்தது. ஒரு யானையை இழந்தும் ஆட்டத்தைச் சமன் செய்திருந்தார். குதிரையை எந்தக் கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார் என்பதும் அதற்குக் கல்யாணராமன் எவ்வளவு நேரம் யோசித்தார் என்பதும் நினைவிருந்தன. விஜயநகரம் என்ற சொல் எங்கும் இல்லை.

"ஆடும்போது நான் எல்லாத்துக்கும்தான் தலையை ஆட்டுவேன்" என்றார்.

"அதுக்கு நான் என்ன பண்றது?"

ராஜநாயகத்துக்கு ஜூன் மாதம் ஐம்பத்தைந்து முடிகிறது. நல்ல பெயருள்ளவர்களுக்கு நிர்வாகம் மேலும் மூன்று வருஷம் வேலை நீட்டித்துக் கொடுப்பது வழக்கம். பென்ஷன் இல்லாத கல்லூரி. மகன் ஹென்றி மருத்துவக் கல்லூரியில் பாதிப் படிப்பில் இருந்தான். கல்யாணராமனுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அடுத்த வருஷம் பிரின்ஸ்பால் பத்ரிநாராயணன் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலி கல்யாணராமனுக்குத்தான் என்று பேச்சு. பல்கலைக்கழக முடிவைத் துறைக்குச் சொல்ல மறந்தவர் என்ற பெயர் வந்தால் அது நடக்காது.

மறுநாள் பிரின்ஸ்பால் இருவரையும் கூப்பிட்டார். அதற்குள் மாணவர்களின் தகப்பன்மார் இரண்டு பேர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்" என்றார் பத்ரிநாராயணன். "டிபார்ட்மெண்டுக்குத் தகவல் போச்சா, போகலையா? நிர்வாகக் கமிட்டிக்கு நான் பதில் சொல்லியாகணும்."

கல்யாணராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"சொன்னேன்" என்றார்.

"ராஜநாயகம்?"

ராஜநாயகம் இருபத்தெட்டு வருஷமாக வகுப்பில் சொல்லிவந்த பாடம் ஒன்று உண்டு. ஒரு சம்பவத்தைப் பற்றி ஒருவன் நடந்தது என்கிறான், இன்னொருவன் எனக்கு நினைவில்லை என்கிறான். இரண்டாமவன் சொல்வது மறுப்பு ஆகாது. முதல் ஆளின் சாட்சியம் நிற்கும்.

"சொன்னதாத்தான் இருக்கணும் சார். நான் கவனிக்கலை."

பிரின்ஸ்பால் எழுதிக்கொண்டார்.

அன்று சாந்தோம் வீட்டில் காப்பியை வைத்துவிட்டு அவருடைய மனைவி பியாட்ரிஸ் எதிரே உட்கார்ந்தாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"அவர் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"சொல்லலைன்னு சொல்லவும் ஞாபகம் இல்லையே."

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணும்போதுகூட ஞாபகம் இருக்கிறதை மட்டும்தான் சொல்லச் சொல்றாங்க. நீங்க சாமியாருக்கு மேல போயிட்டீங்க" என்றாள். டம்ளரை எடுக்காமலே உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு தினமும் கல்லூரி விட்டதும் ராஜநாயகம் சிறப்பு வகுப்பு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே கல்லூரிக்குப் போனார். விஜயநகரத்தை அவர் அதுவரை நடத்தியதில்லை. காலையில் படித்ததை மாலையில் சொன்னார். சில நாள் அரசர்களின் வரிசை தடுமாறியது. மாணவர்கள் திருத்தினார்கள். முன்பெல்லாம் பின்வரிசையில் சிரிப்பு கேட்கும். இப்போது யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. மொகலாயர் குறிப்புகளை நாலு மாதம் உட்கார்ந்து மனப்பாடம் செய்த தங்கையா என்ற மாணவன், பிப்ரவரியில் வருவதை நிறுத்திக்கொண்டான். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டதாக மற்றவர்கள் சொன்னார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் ஒருநாள் கச்சேரி ரோட்டில் கல்யாணராமன் எதிரே வந்தார். பார்க்காதது போலத் தாண்டிப் போயிருக்கலாம். நின்றார்.

"என்ன ஓய், பீச் பக்கமே வரதில்லை?"

"கிளாஸ் இருக்கு."

"தெரியும்." கல்யாணராமன் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கப்படாது. கொஞ்ச நாளா எனக்கே சந்தேகமா இருக்கு. அன்னிக்கு உம்மகிட்ட சொன்னேனா, சொல்லணும்னு நினைச்சுண்டு வந்தேனான்னு. மழை வர மாதிரி இருந்தது, நீர் குதிரையைக் கொண்டுவந்தீர், அதெல்லாம் நிச்சயம். வாயைத் திறந்தேனாங்கறதுதான் தெரியலை."

ஒரு டிராம் மணி அடித்துக்கொண்டு போனது.

"நான் தலையை ஆட்டினேன்னு சொன்னீரே?"

"நீர் எப்பவும்தானே ஆட்டறீர்."

"பிரின்ஸ்பால்கிட்ட இதைச் சொல்லப் போறீரா?"

கல்யாணராமன் தெருவைப் பார்த்தார். "சொன்னா ரெண்டு பேருக்கும் அசிங்கம் ஓய். நீர் ஒத்துண்டாச்சு. அவரும் கமிட்டிக்கு எழுதிப்பிட்டார். இப்போ போய் மாத்தினா என்ன நினைப்பா?"

"அப்போ என்கிட்ட எதுக்குச் சொன்னீர்?"

"தூக்கம் வரலை" என்றார்.

ராஜநாயகம் தோளில் இருந்த துண்டைச் சரிசெய்தார். "கிருஷ்ணதேவராயர் பாக்கி இருக்கு. பசங்க காத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தேர்வு குறித்த நாளில் நடந்தது. மே மாதம் முடிவுகள் வந்தன. வரலாற்று வகுப்பில் பாதிக்கு மேல் தேறவில்லை. நூர் முஹம்மது மூன்றாம் வகுப்பில் தேறினான். நிர்வாகக் கமிட்டி ஜூன் 10 அன்று கூடி, ராஜநாயகத்தின் வேலை நீட்டிப்பு மனுவை நிராகரித்தது. அவர் அம்மாத இறுதியில் ஓய்வு பெற்றார். ஹென்றி படிப்பை நிறுத்திவிட்டு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதப் போனான். அடுத்த வருஷம் கல்யாணராமன் பிரின்ஸ்பால் ஆனார்.