இருபத்துமூன்றாவது பக்கம்

"தலையணையை இன்னும் கொஞ்சம் தூக்கு. படுத்துக்கிட்டே சொன்னா வாயில பொய்தான் வரும்" என்றாள் அக்கா.

தங்கை ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு இரண்டாவது தலையணையைச் செருகினாள். முதுகெலும்பு கணுக்கணுவாக உள்ளங்கையில் தட்டுப்பட்டது. ஊர் நீச்சல்குளத்தில் இருபத்திரண்டு கோடைகள் உயர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த முதுகு. முங்கினவர்களை இழுத்துக் கரைசேர்த்த முதுகு. குளத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அவள் பெயர் தெரியாது. விசிலக்கா என்றால் போதும்.

சீசன் முடிந்து குளத்தை வடிக்கிற நாளில் அக்கா நோட்டில் ஒரு பக்கம் எழுதுவாள். அந்தக் கோடை எப்படிப் போனது, தான் எப்படி இருந்தோம் என்று. ஒரே ஒரு பக்கம். பிறகு நோட்டு அலமாரிக்குப் போய்விடும். அலமாரிக்குப் பூட்டு கிடையாது. ஆனாலும் தங்கை அதைத் திறந்ததில்லை. இன்று குளத்தை வடிக்கிறார்கள். அக்காவின் விரல்களில் பேனா நிற்கவில்லை.

"சொல்லுக்கா, எழுதறேன்."

"'இந்த சீசன் நான் தண்ணியில கால் வைக்கல. என் இடத்துக்கு வந்த பொண்ணு நல்லாவே பாத்துக்கிட்டா. நான் இல்லேன்னா குளம் நாறிப்போயிடும்னு நெனச்சேன். நாறல.'" மூச்சு வாங்கினாள். "எழுதினியா?"

"ம்."

"'வலியைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல. வலிக்குது, அவ்ளோதான். பயமா இருக்கு.'"

பேனா ஓடியது.

"'தங்கச்சி சலிச்சுப் போயிட்டா. நான் சீக்கிரம் போனா தேவலன்னு அவளுக்கு இருக்கு. தப்பு சொல்ல முடியாது. அவ இடத்துல நான் இருந்தா எனக்கும் அப்படித்தான் இருக்கும்.'"

பேனா நின்றது. வெளியே யாரோ கம்பளத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. போன வாரம் குளியலறையில் அழுக்குத் துணியை அலசும்போது, 'எப்பதான் முடியும் இது' என்று அவள் முனகியது சுவரைத் தாண்டிப் போயிருக்குமோ?

குனிந்து எழுதினாள்: 'என் தங்கை ஒரு குறையும் வைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டாள். அவள் இருக்கும்போது எனக்கு என்ன பயம்.'

"படி, கேப்போம்."

படித்தாள். கடைசி வரிகளில் குரல் தானாகவே தாழ்ந்தது. அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். படித்து முடித்த பிறகும் திறக்கவில்லை.

"நான் இப்படியா சொன்னேன்?"

"இப்படித்தான்க்கா சொன்னே."

கம்பளம் தட்டுகிறவர் நிறுத்திவிட்டார். அக்கா ஏதோ சொல்லப்போகிறவள் போல உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"சரி. தேதி போட்டுடு" என்றாள். "கொஞ்சம் வெந்நி குடு. வெதுவெதுன்னு."

அடுப்படியில் தண்ணீர் உடனே சூடாகிவிட்டது. கொதிக்கவிட்டு, பிறகு அது ஆறட்டும் என்று தங்கை அங்கேயே நின்றாள். அந்த அறைக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட வேறு வழி தெரியவில்லை. டம்ளரோடு போனபோது அக்காவின் தலை சன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே எண்ணிப் பார்ப்பது ஒரு வாரமாக அவளுக்குப் பழக்கம். பதினைந்து, இருபது வரை போகும். நின்றபடியே எண்ணினாள். நூறு தாண்டியும் டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

தினமும் மூன்று மணிக்கு வருகிற நர்ஸ் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள், நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

"கூட இருந்தீங்களா?"

"அடுப்படியில இருந்தேன்."

"நாம நகர்ற நேரம் பாத்துதான் போவாங்க. மனசுல வெச்சுக்காதீங்க. நான் டாக்டருக்குப் பேசிட்டு வரேன்." போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.

தங்கை கட்டிலருகே உட்கார்ந்து நோட்டை முதலிலிருந்து திறந்தாள். பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள் அக்கா.

முதல் பக்கத்தில்: 'ஒருத்தரை இழுத்துப் போட்டேன். எழுந்ததும் என்னையே திட்டினார். விட்டிருக்கலாமோன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. தோணினது நிஜம்.'

தங்கை புருஷனை விட்டு ஒரே ஒரு பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்த வருடம்: 'தங்கச்சி வந்துட்டா. வீடு நெறஞ்ச மாதிரி இருக்குன்னு எழுத ஆசை. அப்படி இல்ல. இடைஞ்சலா இருக்கு. குளிக்கப் போனா வெளிய வரமாட்டேங்கறா.'

அடுத்த வருடம்: 'இன்னும் இடைஞ்சல்தான். ஆனா அவ ரெண்டு நாள் வெளியூர் போனப்ப கதவைத் தாழ் போடத் தோணல. அவ வந்த பிறகுதான் தூங்கினேன்.'

இருபத்திரண்டு பக்கங்களில் ஒரு பூச்சு வேலை கிடையாது. இருபத்துமூன்றாவது தன் கையெழுத்தில் இருந்தது.

தங்கை பேனாவை எடுத்துத் தன் இரண்டு வரிகளையும் அடித்தாள். கீழே 'தங்கச்சி' என்று எழுதினாள். அப்புறம்? களைச்சுப் போயிட்டா என்றாளா, சலிச்சுப் போயிட்டா என்றாளா? அக்கா அந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பேசுகிறவள் இல்லை. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. உதட்டை அசைத்து இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் அக்காவின் குரலிலேயே கேட்டன. கட்டிலைப் பார்த்தாள். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை.

அழைப்புமணி அடித்தது. அக்காவின் இடத்துக்கு வந்த பெண், வேலை உடுப்போடு நின்றாள்.

"மேடம் முழிச்சிருக்காங்களா? குளம் வடிச்சாச்சு, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு..." நர்ஸின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"முழுசா வடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள் தங்கை.

"ஆழமான பக்கம் கொஞ்சம் நிக்குதுங்க. அங்க தரை வாட்டம் சரியில்ல. நாளைக்கு வாளியில மொண்டு ஊத்தணும்."

"ஓ."

நடையில் கிடந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் பெஞ்சு நனைந்துவிடாதபடி விளிம்பிலேயே உட்கார்ந்தாள். அவள் கால்சட்டை முட்டிவரை ஈரமாக இருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஒன்றாகச் சேர்ந்து, திறந்திருந்த அறைக்கதவுப் பக்கம் மெல்ல நகர்ந்தது. துணி எடுக்கத் தங்கை எழுந்திருக்கவில்லை.